வீட்டில் ஹாப்ஸ்: நடுவது எளிது, பறிப்பதில்தான் நுட்பம்

பீரின் கசப்பும் மணமும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருகின்றன. பார்லியை முளைகட்டி உலர்த்திய மால்ட் இனிப்பைத் தருகிறது; ஈஸ்ட் அந்த இனிப்பை ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஹாப்ஸ் இல்லாவிட்டால் அந்தப் பானம் திகட்டும், சீக்கிரம் புளித்தும் போகும். ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதியில் எட்டாம் நூற்றாண்டிலேயே ஹாப்ஸ் பயிரானதற்குச் சான்று உண்டு. 1516-இல் பவேரியா விதித்த சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்று மட்டுமே சேர வேண்டும் என்றது.

இன்று அமெரிக்காவின் ஹாப்ஸ் ஏறக்குறைய முழுவதும் வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களில் விளைகிறது. அதிலும் பெரும்பங்கு வாஷிங்டனின் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைவது. அந்தப் பெருந்தோட்டங்களுக்குச் சில மணி நேரத் தொலைவில், சியாட்டிலிலும் போர்ட்லாந்திலும், வீட்டின் பின்கட்டில் இரண்டு மூன்று கொடி வளர்த்து, அந்தப் பூவைக் கொண்டே பீர் காய்ச்சுகிறவர்கள் ஏராளம். வீட்டில் பீர் காய்ச்ச அமெரிக்க மத்திய அரசு 1978-இல் அனுமதி அளித்தது. அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின்படி ஒரு வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் இருந்தால் 200 கேலன் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. பிரிட்டனில் 1963 முதலே உரிமம் இல்லாமல் காய்ச்ச முடிகிறது. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆகவே இந்தக் கட்டுரை, சட்டம் அனுமதிக்கும் நாட்டில், குளிர்காலம் உள்ள ஊரில் வசிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சொல்லப்படும் மாதங்கள் வட அரைக்கோளத்துக்கு உரியவை. மெல்பர்னிலோ நியூசிலாந்திலோ இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹாப்ஸை வளர்ப்பது கடினமே இல்லை. மண்ணும் வெயிலும் சரியாக இருந்தால் அது தானாக வளரும். பூவின் தரத்தைத் தீர்மானிப்பது பறிக்கும் நாளும் அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களும்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நடுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பறிப்பதையும் உலர்த்துவதையும் போகிற போக்கில் செய்துவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பூவுக்குள் என்ன இருக்கிறது?

ஹாப்ஸில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பீருக்குத் தேவை பெண் கொடியின் பூ மட்டுமே. மெல்லிய பச்சை இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு கூம்பு வடிவில் அது இருக்கும். ஒரு கூம்பை நெடுக்காகப் பிளந்தால், இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் போல ஒட்டியிருக்கும் சுரப்பிகள் தெரியும். அதுதான் லூபுலின். பீர் காய்ச்சுகிறவர் தேடுவது அதைத்தான்.

லூபுலினில் இரண்டு வகைப் பொருட்கள் முக்கியம். ஒன்று ஆல்ஃபா அமிலங்கள். இவை நேரடியாகக் கசப்பைத் தருவதில்லை. மால்ட் சாற்றில் கொதிக்கும்போது ஐசோ ஆல்ஃபா அமிலங்களாக உருமாறிய பிறகுதான் கசப்பு பீரில் இறங்குகிறது. அதனால்தான் கசப்புக்கான ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். பீரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றை அடக்குவதும் இந்த அமிலங்களே. மற்றொன்று, மணம் தரும் எண்ணெய்கள்: மிர்சின், ஹியூமுலின், காரியோபிலின் முதலியவை. இவை சூட்டில் ஆவியாகிவிடும். மணத்துக்கான ஹாப்ஸை அடுப்பை அணைக்கும் நேரத்தில் போடுவதும், நொதித்து முடிந்த பீரில் ஊறவைப்பதும் இதனால்தான். சூட்டில் பறந்துவிடும் பொருள் இது என்பதை நினைவில் வையுங்கள். உலர்த்தும்போது இதே பிரச்சினை மறுபடியும் வரும்.

எங்கே வளரும்?

ஏறத்தாழ 35 முதல் 55 பாகை வரையிலான அட்சரேகைகளே ஹாப்ஸின் இயல்பான இடம். காரணம், குளிர் மட்டுமல்ல, பகல் நீளமும்தான். கோடையின் நீண்ட பகலில் கொடி உயரமாக ஏறும். பகல் குறையத் தொடங்கியதும் பூக்கும். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் கோடையிலும் பகல் அவ்வளவாக நீளாது என்பதால், கொடி உயரம் பிடிக்கும் முன்பே பூத்து ஓய்ந்துவிடும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஹாப்ஸ் நல்ல மகசூல் தராததற்கு இதுவே முதல் காரணம். இந்தியாவில் ஹாப்ஸ் பயிராகும் இடம் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கு.

குளிர்காலத்தில் கொடி தரைக்கு மேல் முழுவதும் காய்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு உறங்கும். வசந்தத்தில் மறுபடி முளைக்கும். உறைபனி இல்லாத நாட்கள் ஆண்டுக்கு 120 ஆவது வேண்டும். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் பலன் தரும் பயிர் இது. ஆகவே இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேர நேரடி வெயில், தண்ணீர் தேங்காத மண், ஐந்து ஆறு மீட்டர் உயரத்துக்குக் கயிறு கட்ட வசதி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

எந்த ரகம்?

முதல் கொடிக்கு நான் சொல்வது கேஸ்கேட். ஆரிகன் மாநிலம் கார்வாலிஸில் நடந்த ஆராய்ச்சியில் உருவாகி 1972-இல் வெளியான ரகம் இது. எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட் போன்ற மணம் உடையது. 1980-இல் வந்த சியரா நெவாடா பேல் ஏல் என்ற பீர் இந்த மணத்தை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. வீட்டுத் தோட்டத்தில் பெரும்பாலான ஊர்களில் தழைத்து வளரும், மகசூலும் தாராளம். செண்டெனியல், சினூக், நக்கெட், வில்லமெட் ஆகியவையும் நல்ல தேர்வுகள். செக் நாட்டின் சாஸ், இங்கிலாந்தின் கோல்டிங்ஸ், ஜெர்மனியின் ஹாலர்டாவர் போன்ற பழைய ரகங்கள் நுட்பமான மணம் உடையவை. ஆனால் சொந்த மண்ணை விட்டு வந்தால் மகசூல் குறையும். சிட்ரா, மொசைக் போன்ற புகழ்பெற்ற புது ரகங்கள் தனியார் உரிமை பெற்றவை என்பதால் வீட்டில் நடக் கிழங்கு விற்பனைக்குக் கிடைக்காது.

நடுதல்

வசந்தத்தில் நாற்றங்கால்களில் ஹாப்ஸின் வேர்த்தண்டு விற்பார்கள். பார்வைக்கு இஞ்சித் துண்டு போல இருக்கும், அதைவிட மெல்லியது, அங்கங்கே வெள்ளை முளைகளோடு. வாங்கியதும் நட முடியாவிட்டால் ஈரத் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வேர்விட்ட நாற்றாகவும் சில இடங்களில் கிடைக்கும். அது இன்னும் எளிது. நோயற்ற செடியாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

மண்ணை ஓரடி ஆழம் கிளறி, மட்கிய உரம் கலந்து, சிறு மேடாக்குங்கள். வேர்த்தண்டைப் படுக்கையாக வைத்து, முளைகள் மேலே பார்க்க, ஐந்து செ.மீ. மண் மூடினால் போதும். ஒரே ரகமானால் ஒரு மீட்டர் இடைவெளி. வெவ்வேறு ரகமானால் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். நெருங்கி நட்டால் கொடிகள் பின்னிக்கொண்டு, பறிக்கும் நாளில் எது எந்த ரகம் என்று தெரியாமல் போகும்.

முதல் ஆண்டில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கொடி தன் பலத்தையெல்லாம் வேரில் சேர்க்கும் காலம் அது. இரண்டாம் ஆண்டில் ஓரளவும் மூன்றாம் ஆண்டு முதல் முழு விளைச்சலும் கிடைக்கும். நன்கு வேரூன்றிய ஒரு கொடி நல்ல ஆண்டில் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை உலர்ந்த பூ தரும். இருபது லிட்டர் பீருக்கு மணம் சேர்க்க 40 முதல் 60 கிராம் வரை போதும் என்பதால், ஒரே கொடி ஒரு குடும்பத்தின் ஓராண்டுத் தேவைக்கு மேலேயே தரும்.

கயிறும் கொடியும்

ஹாப்ஸுக்குப் பற்றுக்கம்பிகள் கிடையாது. தண்டில் உள்ள கொக்கி போன்ற சொரசொரப்பான முடிகளால் பிடித்துக்கொண்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி ஏறும். எதிர்த் திசையில் சுற்றிவிட்டால் கழன்றுகொள்ளும். வழுக்கும் நைலான் கயிறு இதற்கு ஒத்துவராது. யாக்கிமாவின் தோட்டங்களில் கட்டுவது தென்னை நார்க்கயிறு; அதில் பெரும்பகுதி இலங்கையிலிருந்து கப்பலேறி வருகிறது. சொரசொரப்பால் கொடிக்குப் பிடிமானம் தரும், மழையில் சட்டென்று அறாது, அறுவடைக்குப் பின் கொடியோடு சேர்ந்து மட்கிவிடும். வீட்டிலும் அதையே பயன்படுத்துங்கள்.

கயிற்றை வீட்டுக் கூரையின் ஓரத்திலோ உயரமான கம்பத்திலோ ஒரு கப்பி வழியாகக் கட்டுவது நல்லது. அறுவடை நாளில் ஏணி ஏறாமல் கொடியைக் கீழே இறக்கிவிடலாம். பூத்து நிற்கும் கொடி கனமானது. காற்றும் சேர்ந்து இழுக்கும். கட்டும் இடம் உறுதியாக இருக்கட்டும்.

வசந்தத்தில் ஒரு கிழங்கிலிருந்து பத்துப் பதினைந்து தண்டுகள் கிளம்பும். கயிறு ஒன்றுக்கு இரண்டு மூன்று தண்டுகளை மட்டும் ஏற்றிவிட்டு, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். வெட்டிய இளந்தண்டை வெண்ணெயில் வதக்கிச் சாப்பிடலாம். பெல்ஜியத்தில் அது விலையுயர்ந்த காய்கறி. ஜூன் மாதத்தில் கொடி ஒரே நாளில் ஓரடி வரை ஏறுவதும் உண்டு. தண்டு இரண்டு ஆள் உயரம் போனதும் தரையிலிருந்து ஒரு மீட்டர் வரையுள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அடியில் காற்று ஓடும், நோய் குறையும்.

தண்ணீரும் தழைச்சத்தும் கொடி ஏறும் மாதங்களில் தாராளமாக வேண்டும். பூ வைக்கத் தொடங்கியதும் தழைச்சத்தை நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து கொடுத்தால் இலைதான் பெருகும். தண்ணீரை வேரில் சொட்டுநீராக விடுங்கள். இலை நனைந்தால் பூஞ்சை நோய்க்கு நாமே வழி திறந்தது போலாகும்.

நோயும் பூச்சியும்

ஈரமான வசந்தத்தில் வரும் அடிச்சாம்பல் நோய்தான் பெரிய எதிரி. முளைகள் நீளாமல் குட்டையாக, வெளிறி, இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டு நிற்கும். அப்படி எது தெரிந்தாலும் உடனே வெட்டி அப்புறப்படுத்துங்கள். வெள்ளைப் பொடி தூவியது போல இலையில் தெரிந்தால் அது சாம்பல் நோய். அசுவினியும் சிலந்திப்பேனும் இலையின் அடிப்பக்கம் தங்கும். பொறிவண்டுகள் அசுவினியைத் தின்றுவிடும். அதனால் கண்டதற்கெல்லாம் மருந்து தெளித்து அவற்றைக் கொல்லாதீர்கள். பூ வந்த பிறகு எதையும் தெளிக்காமல் இருப்பதே சிறந்தது. தெளித்தது எதுவானாலும் பீருக்குள் வரும்.

பறிக்கும் நாள் எது?

ரகத்தையும் ஊரையும் பொறுத்து ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் பாதிக்குள் பூ முதிரும். நாள்காட்டியை நம்பாதீர்கள், பூவைப் பாருங்கள். முற்றாத கூம்பு ஈரமாக, கனமாக இருக்கும். அழுத்தினால் அழுத்தியபடியே நிற்கும். முகர்ந்தால் பச்சைப் புல் வாசனைதான் வரும். முற்றியது எடை குறைந்து, தாள் போலச் சரசரக்கும். அழுத்திவிட்டால் மீண்டும் விரியும். உள்ளே லூபுலின் வெளிர் மஞ்சளிலிருந்து கடும் மஞ்சளாக மாறியிருக்கும். விரலால் நசுக்கினால் பிசுபிசுப்பும் அந்த ரகத்துக்கே உரிய மணமும் கையில் ஒட்டும். சில இதழ்களின் நுனி பழுப்பாகத் தொடங்குவதும் நல்ல அறிகுறி. கூம்பு முழுவதும் பழுத்து, லூபுலின் ஆரஞ்சு நிறத்துக்குப் போய், வெங்காயம் பூண்டு நெடி வந்துவிட்டால் தாமதமாகிவிட்டது.

கண்ணையும் மூக்கையும் விடத் திட்டவட்டமான சோதனை ஒன்று உண்டு. அதற்குச் சமையல் தராசு போதும். கொடியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளிலிருந்து கலந்து 100 கிராம் பூ பறியுங்கள். சூட்டில் வைத்து, எடை இதற்கு மேல் குறையாது என்ற அளவுக்கு முழுக்க உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். மிஞ்சியது 20 முதல் 24 கிராமுக்குள் இருந்தால் பறிக்கலாம். 18 கிராமாக இருந்தால் சில நாள் பொறுத்து மறுபடி சோதியுங்கள். இந்த மாதிரிப் பூ சூட்டில் மணத்தை இழந்திருக்கும், பீருக்கு உதவாது. ஆனால் மொத்த விளைச்சலையும் சரியான நாளில் பறிக்க அது வழிகாட்டிவிடும். உலர்ந்தபின் மிஞ்சிய எடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உலர்த்தும்போது மீண்டும் தேவைப்படும்.

பறிக்கும் நாளில் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணியுங்கள். தண்டின் முடிகள் தோலைக் கீறி எரிச்சல் உண்டாக்கும். காலைப் பனி உலர்ந்த பிறகு தொடங்குங்கள். கொடியை இறக்கி நிழலில் போட்டு, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து கூம்புகளை மட்டும் கிள்ளி எடுப்பதே வழக்கம். ஒரு கொடிக்கே சில மணி நேரம் ஆகும். இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் இந்த வேலைக்காகவே கிழக்கு லண்டன் குடும்பங்கள் ஆண்டுதோறும் கூட்டமாக வந்து வாரக்கணக்கில் தங்கின. இயந்திரம் வந்த பிறகுதான் அது நின்றது.

உலர்த்துதல்

பறித்த பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். குவித்து வைத்தால் சில மணி நேரத்தில் சூடேறிக் கெட ஆரம்பிக்கும். ஆகவே பறித்த அன்றே உலர்த்தத் தொடங்க வேண்டும். ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்கு வர வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அதற்கும் கீழே போனால் கூம்பு நொறுங்கி லூபுலின் உதிர்ந்துவிடும்.

வெயிலில் போடாதீர்கள். வெளிச்சமும் சூடும் மணத்தைக் கெடுக்கும். ஜன்னல் கம்பிவலையைச் சட்டத்தில் அடித்து, அதன்மேல் பூவை மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறிக் காற்று படும்படி இருட்டான அறையில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் உலர்ந்துவிடும். காய்கறி உலர்த்தும் மின்கருவி இருந்தால் 40 முதல் 50 டிகிரி செல்சியஸில் வையுங்கள். எப்படியும் 60 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். சமையலறை அடுப்புகள் பலவற்றின் மிகக் குறைந்த சூடே இதைவிட அதிகம் என்பதால் அவை வேண்டாம்.

உலர்ந்ததா என்று அறிய, கூம்பின் நடுவில் ஓடும் காம்பை வளைத்துப் பாருங்கள். இதழ்கள் முதலில் உலரும். காம்பு கடைசியில்தான் உலரும். காம்பு வளைந்தால் ஈரம் மீதி, முறிந்தால் போதும். தராசுக் கணக்கு இன்னும் துல்லியம். சோதனையில் 100 கிராமுக்கு 22 கிராம் மிஞ்சியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பச்சைப் பூவில் உலர்பொருள் 220 கிராம். 9 சதவீத ஈரத்தோடு அதன் எடை, 220-ஐ 0.91-ஆல் வகுத்தால் வரும் 242 கிராம். பரப்பிய ஒரு கிலோ பூ அந்த எடைக்கு வந்ததும் நிறுத்திவிடலாம்.

சேமிப்பு

உலர்ந்த பூவுக்குக் காற்று, சூடு, வெளிச்சம் மூன்றும் ஆகாது. ஒரு முறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, காற்று உறிஞ்சி மூடும் பைகளில் அடைத்து, ரகம், தேதி, எடை எழுதி உறைபெட்டியில் வையுங்கள். அங்கே அடுத்த அறுவடை வரை நன்றாக இருக்கும். திறந்தவுடன் பழைய பாலாடைக்கட்டி நாற்றம் அடித்தால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது என்று பொருள். அதைக் கொட்டிவிடுங்கள்.

நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. தின்றால் உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். பீர் காய்ச்சி வடித்த சக்கையிலும் அதே ஆபத்து உண்டு. நாய் எட்டாத இடத்தில் அப்புறப்படுத்துங்கள். தின்றுவிட்டால் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பீரில் எப்படிப் போடுவது?

கடையில் வாங்கும் ஹாப்ஸ் பொட்டலத்தில் ஆல்ஃபா அமிலம் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கேஸ்கேடில் பொதுவாக 4.5 முதல் 7 வரை. நம் தோட்டத்துப் பூவில் அந்த ஆண்டு எவ்வளவு என்பது ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். எளிய வழி, கசப்புக்கு அளவு தெரிந்த கடைச் சரக்கைக் கொதியின் தொடக்கத்தில் போட்டுவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்துக்கும் நொதித்த பின் ஊறவைப்பதற்கும் வீட்டுப் பூவைப் பயன்படுத்துவது. கசப்புக் கணக்கு தவறாது. மணம் முழுவதும் உங்கள் கொடியுடையதாக இருக்கும்.

உலர்த்தாமல் பச்சையாகவும் போடலாம். பறித்து 24 மணி நேரத்துக்குள் கொதிகலத்தில் சேர்த்துவிட வேண்டும். தண்ணீர் எடையைக் கணக்கிட்டு, உலர்ந்த பூவைப்போல நான்கு முதல் ஆறு மடங்கு எடுக்க வேண்டும். தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே வாய்க்கும் பீர் இது. ஆண்டுக்கு ஒரே ஒரு வாரம்தான் காய்ச்ச முடியும். வீட்டில் ஹாப்ஸ் வளர்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பறித்த பின் கொடிக்கு

முடிந்தால் கொடியைத் தரையோடு அறுக்காமல் அடியில் ஒரு மீட்டர் பச்சையாக விட்டுவையுங்கள். உறைபனி வரும் வரை அந்த இலைகள் கிழங்குக்கு உணவு சேர்க்கும். காய்ந்த பின் அடியோடு வெட்டி, மூடாக்குப் போடுங்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் கிழங்கைச் சுற்றி மண்வெட்டியால் வெட்டிவிடாவிட்டால், அது மண்ணுக்கடியில் ஓடித் தோட்டம் முழுவதும் முளைக்கும். வெட்டி எடுத்த துண்டுகளை நண்பர்களுக்கு நடக் கொடுங்கள்.

வரும் வசந்தத்தில் தொடங்க நினைப்பவர்கள் ஒரே ஒரு கேஸ்கேட் கிழங்கு வாங்குங்கள். மிச்சக் காசில் ஒரு சமையல் தராசும் இரண்டு அடி கம்பிவலையும் வாங்கி வையுங்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வெளியூர்ப் பயணம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். கொடி நீங்கள் இல்லாமலும் வளரும். பூ உங்களுக்காகக் காத்திருக்காது.